சுவரையும் கூரையையும் பிடித்திருக்கும் இரும்புப் பட்டை

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்துத் தெருக்களில் இன்னும் சில பழைய குடோன்கள் நிற்கின்றன. ஒன்றரைக் கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, மேலே தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் செங்கல்லைச் சாய்வாக அடுக்கிப் போட்ட மெட்ராஸ் டெரஸ். அப்படி ஒன்றைப் பழுதுபார்க்கப் போயிருந்தபோது, சுவரைக் கூரையோடு இரும்புப் பட்டை வைத்துக் கட்ட வேண்டும் என்று சொன்னேன். குடோன்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "செவுரு இன்னா சார், ஓடியா போவப்போவுது? எதுக்குப் புடிச்சுக் கட்டணும்ன்றீங்க?"

நியாயமான கேள்வி. அவருக்குத் தெரிந்து அந்தச் சுவர் மூன்று தலைமுறையாக அசையாமல் நிற்கிறது. உத்திரத்தின் முனை சுவருக்குள் ஆறு அங்குலம் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆணி கிடையாது, போல்ட் கிடையாது. மேலே இருக்கும் எடைதான் அதை அந்த இடத்தில் அமுக்கி வைத்திருக்கிறது. கட்டடம் சும்மா நிற்கும் வரை அதுவே போதும். தரை பக்கவாட்டில் ஆடினால் போதாது.

ஏன் போதாது, எதைக் கொண்டு கட்டுவது, கட்டுகிற இரும்புக்கு மட்டும் ஏன் கணக்கில் தனியாகக் கூடுதல் விசை சேர்க்கிறார்கள் என்று அன்றைக்கு அவருக்கு நின்றபடியே சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மூன்றில் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். சிவில் படித்தவர்களிலேயே பலர் அந்த இடத்தை ஒரு எண்ணாக மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கேரம் போர்டை நிமிர்த்தி வையுங்கள்

வடசென்னையில் கேரம் போர்டு இல்லாத தெரு குறைவு. ஆட்டம் முடிந்ததும் போர்டைச் சுவரில் சாய்க்காமல் அப்படியே விளிம்பின் மேல் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். அதன் நீளவாக்கில் தள்ளினால் சுலபத்தில் சாயாது. முகத்தில் ஒரு விரலை வைத்துத் தள்ளினால் போதும், விழுந்துவிடும். சுவரும் அப்படித்தான். தன் நீளவாக்கில் வரும் ஆட்டத்தை அது நன்றாகத் தாங்கும். முகத்துக்கு நேராக வரும் ஆட்டத்தில் அதற்குப் பலம் மிகக் குறைவு, அதுவும் கம்பி இல்லாத செங்கல் சுவர் என்றால் இன்னும் குறைவு.

நிலநடுக்கம் ஒரு திசையாகப் பார்த்து வருவதில்லை. எந்த நொடியிலும் கட்டடத்தின் ஏதோ ஒரு சுவர் நீளவாக்கில் தள்ளப்படும், இன்னொரு சுவர் முகத்தில் தள்ளப்படும். முகத்தில் தள்ளப்படுகிற சுவரை யாராவது பிடிக்க வேண்டும். கீழே அஸ்திவாரம் பிடித்திருக்கிறது. மேலே பிடிக்கக்கூடியது கூரைதான். கூரை அந்தச் சுமையை வாங்கி, பக்கத்தில் நீளவாக்கில் பலமாக நிற்கும் சுவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும்போது கூரைக்கும் தளத்துக்கும் டயஃப்ரம் என்று பெயர்.

டோல்கேட் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறீர்கள், டிரைவர் திடீரென்று பிரேக் அடிக்கிறார். உங்களை விழாமல் காப்பது மேலே இருக்கும் கம்பியும் அதைப் பிடித்திருக்கும் உங்கள் கையும். சுவர் என்பது நின்றுகொண்டு வரும் பயணி, கூரை என்பது மேல்கம்பி. அந்தக் கைதான் நாம் பேசப்போகும் விஷயம். ஆங்கரேஜ் என்று வரைபடங்களில் எழுதியிருப்பார்கள். எங்கள் மேஸ்திரி அதைப் பிடிப்பு என்பார், அதுவே நல்ல சொல்.

கை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1989 அக்டோபர் 17 அன்று கலிஃபோர்னியாவில் வந்த லோமா பிரியட்டா நிலநடுக்கத்தை நினைத்துக்கொள்ளலாம். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நாலு மாடிச் செங்கல் கட்டடத்தின் மேல்சுவர் வெளிப்பக்கமாகப் பெயர்ந்து, கீழே தெருவில் கார்களில் இருந்த 5 பேர் இறந்தார்கள். கட்டடத்துக்குள் இருந்தவர்கள் அல்ல, தெருவில் இருந்தவர்கள். மண்ணடியிலும் சௌகார்பேட்டையிலும் தெருவின் அகலத்தை மனதில் வைத்துக்கொண்டு இதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். சுவர் உள்ளே விழுந்தால் கூரை தாங்கலை இழக்கிறது, வெளியே விழுந்தால் தெருவில் போகிறவர் மேல் விழுகிறது.

சென்னைக்கு இது தேவையா என்றால், தேவைதான். நிலநடுக்கத்துக்கான இந்திய விதித்தொகுப்பான ஐஎஸ் 1893 2002இல் திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டது. எவ்வளவு ஆட்டத்தை எதிர்பார்க்க வேண்டும் என்று காட்டும் எண் அந்தத் திருத்தத்தில் இந்த மண்டலத்துக்கு 0.16. அதற்கு முந்தைய வருடம் செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அருகே கடலில் வந்த நடுக்கத்தைச் சென்னை உணர்ந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் வந்தபோதும் இங்கே அலுவலகங்களை விட்டு ஆட்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். நமக்கு ஆபத்து மிதமானதுதான். ஆனால் மிதமான ஆட்டத்திலேயே முதலில் போவது, பிடிப்பில்லாத பழைய சுவரும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும்தான்.

கூரையும் சும்மா நிற்பதில்லை

மேல்கம்பி ஆடாமல் இருக்கும் என்று பஸ்ஸில் நம்பலாம். கட்டடத்தில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. இரண்டு முனையிலும் கட்டிய கொடிக்கயிற்றை முனைகளைப் பிடித்து ஆட்டினால், அதிகம் ஆடுவது நடுப்பகுதி. மரத்தாலான நீண்ட கூரையும் அதே மாதிரிதான். இரு பக்கச் சுவர்களும் தரையோடு ஆடுகின்றன, நடுக்கூரை அதைவிடப் பெரிதாக ஆடுகிறது, நடுவில் பிடிப்பின் மேல் விழும் இழுப்பும் அதற்கேற்ப ஏறுகிறது. கலிஃபோர்னியாவில் இப்படிப்பட்ட கட்டடங்களில் கருவி வைத்து அளந்தபோது, தரையில் இருந்ததைப்போல மூன்று நான்கு மடங்கு வேகமுடுக்கம் கூரையின் நடுவில் பதிவானது.

அமெரிக்காவின் ஏஎஸ்சிஇ 7 விதித்தொகுப்பு இதை ஒரு சின்ன சூத்திரத்தில் அடக்கியிருக்கிறது. வளைந்துகொடுக்கும் கூரையின் நீளத்தை மீட்டரில் எடுத்து 30.5ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்ட வேண்டும். வருகிற எண்ணால் பிடிப்பின் விசையைப் பெருக்க வேண்டும். எவ்வளவு நீளமானாலும் 2க்கு மேல் போக வேண்டாம். கான்கிரீட் ஸ்லாப் மாதிரி விறைப்பான தளம் என்றால் இந்தப் பெருக்கமே தேவையில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், பிறகு நம் குடோனுக்கே போட்டுப் பார்க்கலாம்.

மரம் பிளந்தது, பிறகு இரும்பு அறுந்தது

இந்த விதிகள் யாரோ மேசையில் உட்கார்ந்து யோசித்து எழுதியவை இல்லை. 1971 பிப்ரவரி 9 அன்று கலிஃபோர்னியாவில் சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கம். அங்கே குடோன்களைக் கட்டும் முறை வேறு: கான்கிரீட் சுவரைத் தரையில் படுக்கவைத்து வார்த்து, இறுகியதும் கிரேனால் நிமிர்த்தி நிறுத்துவார்கள். கூரை பிளைவுட். சுவரில் ஒரு மரச்சட்டத்தை போல்ட் போட்டு, அதன் மேல் பிளைவுட்டை ஆணி அடித்துவிடுவார்கள். சுவரையும் கூரையையும் சேர்த்துப் பிடித்தது அந்த மரச்சட்டம் மட்டும்தான். நடுக்கத்தில் சுவர் வெளியே இழுத்தபோது சட்டம் நாரோடு நார் பிரிந்து நீளவாக்கில் பிளந்தது. மூங்கிலைக் குறுக்கே உடைப்பது எவ்வளவு கஷ்டம், நீளவாக்கில் பிளப்பது எவ்வளவு சுலபம் என்று பந்தல் போடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சுவர் போனது, கூரையும் கூடவே விழுந்தது.

பாடம் படித்தார்கள். மரத்தை அப்படி இழுக்கவிடக் கூடாது, இரும்புப் பட்டையும் போல்ட்டும் வைத்து நேராக உத்திரத்தோடு கட்ட வேண்டும் என்று விதி வந்தது. அடுத்த இருபது வருடம் அப்படியே கட்டினார்கள்.

1994 ஜனவரி 17, அதிகாலை 4:31. நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம், அளவு 6.7. அந்த நேரத்தில் குடோன்களில் ஆளில்லை, அது பெரிய அதிர்ஷ்டம். விடிந்ததும் போய்ப் பார்த்தால், புதிய விதிப்படி இரும்பு வைத்துக் கட்டிய கட்டடங்களிலும் சுவர்கள் கூரையை விட்டுப் பிரிந்திருந்தன. இந்த முறை பல இடங்களில் அறுந்திருந்தது இரும்பு. பலமானது என்று நம்பிப் போட்ட கண்ணியே விட்டுப்போயிருந்தது. இதற்குப் பிறகுதான் 1997இல் வந்த யூனிஃபார்ம் பில்டிங் கோடு என்ற அமெரிக்கக் கட்டட விதித்தொகுப்பில் ஒரு வரி சேர்ந்தது: சுவர்ப் பிடிப்பில் வரும் இரும்பு உறுப்புகளை மட்டும் வழக்கமான விசையின் 1.4 மடங்குக்கு வடிவமைக்க வேண்டும். அந்த வரி இன்றைய ஏஎஸ்சிஇ 7இலும் தொடர்கிறது. மிகக் குறைந்த ஆபத்துள்ள இடங்களுக்கு விலக்கு உண்டு. ஆங்கர் போல்ட்டும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் இதில் சேராது, அவற்றுக்கு வேறு இடத்தில் தனிச் சோதனைகள் இருக்கின்றன. பட்டை, பிளேட், ஆங்கிள், அவற்றின் வெல்டிங் எல்லாம் சேரும்.

இங்கேதான் படிக்கிற பிள்ளைகள் குழம்புவார்கள். மரத்தைவிட இரும்பு நம்பகமானது, சோதனை செய்து ஆலையிலிருந்து வருவது. பிறகு ஏன் நம்பகமான பொருளுக்குக் கூடுதல் விசை?

தலை தட்டிய படி

கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. அரிசியைப் படியில் அளக்கும்போது குவித்து அளக்கிறவர் உண்டு, தலை தட்டி அளக்கிறவர் உண்டு. மரத்தை வடிவமைக்கும் கணக்கு குவித்து அளப்பது. ஒரே மரத்தில் கணு இருக்கும், ஈரம் இருக்கும், ஒரு கட்டை போல இன்னொன்று இருக்காது. அதனால் புத்தகத்தில் அதன் வலுவை மிகவும் குறைத்து எழுதியிருப்பார்கள், உண்மையில் அது அதைவிட வெகு அதிகமாகத் தாங்கும். இரும்பு தலை தட்டி அளப்பது. அதன் குணம் துல்லியமாகத் தெரியும் என்பதால் புத்தகத்தில் எழுதும் வலுவுக்கும் அது அறும் இடத்துக்கும் இடைவெளி குறைவு.

இப்போது இன்னொரு உண்மையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விதித்தொகுப்பு கேட்கும் விசை, பெரிய நடுக்கத்தில் நிஜமாக வரக்கூடிய விசையைவிடக் குறைவு. பொருளுக்குள் மறைந்திருக்கும் உபரி வலு மிச்சத்தைச் சமாளிக்கும் என்று நம்பித்தான் அப்படிக் குறைத்து வைத்திருக்கிறார்கள். சுவர்ப் பிடிப்புக்கு அவர்கள் எதிர்பார்க்கும் உபரி ஏறத்தாழ இரண்டு மடங்கு. மரத்திடம் அது இருக்கிறது. இரும்பு ஓட்டையருகே அறும் வலுவுக்கு அமெரிக்கக் கணக்கில் 0.75ஆல் பெருக்கிக் குறைக்கிறார்கள். அப்படியென்றால் உபரி 1.33 மடங்குதான். அதை 1.4ஆல் பெருக்கிப் பாருங்கள், 1.87 வருகிறது. இரண்டுக்கு நெருக்கம். சங்கிலியின் எல்லாக் கண்ணிகளையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரத்தான் அந்த 1.4.

"இரும்பு இழுபடுமே, உடனே அறாதே" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. இரும்பை நாம் நம்புவதே அது அறுவதற்கு முன் நீண்டுகொடுக்கும் என்பதால்தான். ஆனால் எவ்வளவு நீளத்தில் நீளும் என்று பார்க்க வேண்டும். இதை ஒரு பட்டையை எடுத்தே காட்டிவிடுகிறேன்.

குடோன் 18 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். உத்திரங்கள் அகலவாக்கில் நீளச் சுவர்களின் மேல் உட்கார்ந்திருக்கின்றன, 40 சென்டிமீட்டருக்கு ஒன்று. மூன்று உத்திரத்துக்கு ஒரு பிடிப்பு வைத்தால் 1.2 மீட்டருக்கு ஒன்று. சுவர் உயரம் 4.5 மீட்டர், அதில் மேல்பாதியைக் கூரை பிடிக்க வேண்டும். அதற்கு மேல் 90 சென்டிமீட்டர் கைப்பிடிச் சுவர், அது முழுதும் கூரையின் பொறுப்பு. ஆக ஒரு பிடிப்பின் பங்குக்கு வரும் சுவரின் எடை சுமார் இரண்டரை டன். கூரையின் நீளம் 18 என்பதால் பெருக்கல் எண் 1.59. பிடிப்பின் விசைக்கான ஏஎஸ்சிஇ சூத்திரத்தைச் சென்னையின் நடுக்க அளவுக்குப் போட்டால், அது சொல்லும் குறைந்தபட்ச அளவான எடையில் 20 சதவீதம்தான் ஆளுகிறது. 0.2ஐ 1.59ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 0.32. இரண்டரை டன்னில் அது 0.8 டன். ஒரு பிடிப்பு 0.8 டன் இழுப்பைத் தாங்க வேண்டும்.

தண்டையார்பேட்டைப் பட்டறையில் வெல்டர் அண்ணன் ஏற்கெனவே ஒரு மாதிரி செய்து வைத்திருந்தார். 25 மில்லி அகலம், 3 மில்லி கனம் உள்ள ஃபிளாட் பட்டை, 12 மில்லி போல்ட்டுக்கு 14 மில்லி ஓட்டை. கையில் வாங்கிப் பார்த்தேன். ஓட்டையின் இரு பக்கமும் மிச்சமிருந்த இரும்பு அஞ்சரை அஞ்சரை மில்லி. சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை.

சாதாரண இரும்பு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டனில் இழுபட ஆரம்பிக்கும், 410இல் அறும். ஓட்டை போக மீதி 33 சதுர மில்லி. இரும்புக் கட்டுமானத்துக்கான இந்திய விதித்தொகுப்பான ஐஎஸ் 800 சொல்வதுபோல அதில் ஒரு பத்து சதவீதத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அந்த இடம் 1.24 டன்னில் அறும். பாதுகாப்புக்கு 1.25ஆல் வகுத்தால் கணக்கில் எழுதக்கூடியது ஒரு டன்னுக்கு ஒரு பொட்டு குறைவு. தேவை 0.8 டன், இருப்பது 0.99. தாளில் பாஸ். 1.4ஆல் பெருக்கினால் தேவை 1.12 டன். ஃபெயில்.

அந்த ஃபெயில்தான் சரியான விடை. ஏனென்றால் அதே பட்டையின் முழு அகலத்தில், ஓட்டை இல்லாத உடம்பில், 75 சதுர மில்லி இருக்கிறது. அது இழுபட ஆரம்பிக்கவே 1.9 டன் வேண்டும். ஓட்டையோ 1.24இல் அறுந்துவிடும். அதாவது பட்டையின் உடம்பு ஒரு மில்லிகூட நீளாமல் விறைப்பாக இருக்கும்போதே ஓட்டையில் பட்டென்று போய்விடும். நீளக்கூடிய இடம் ஓட்டையின் ஓரத்தில் இருக்கும் 14 மில்லி மட்டும். அது இருபது சதவீதம் நீண்டாலும் கிடைப்பது மூன்று மில்லிக்கும் குறைவு. ஒரு சுவர் நடுக்கத்தில் முன்னும் பின்னும் ஆடும்போது மூன்று மில்லி ஒன்றுமே இல்லை. நார்த்ரிட்ஜில் இரும்பு எப்படி அறுந்தது என்பதை எனக்குப் புரியவைத்தது இந்தக் கணக்குதான்.

சரி, 50 மில்லி அகலம், 5 மில்லி கனப் பட்டையை எடுப்போம். போல்ட்டும் ஓட்டையும் அதேதான். ஓட்டை போக மீதி 180 சதுர மில்லி, அறும் இடம் 6.8 டன். உடம்பு 250 சதுர மில்லி, இழுபட ஆரம்பிக்கும் இடம் 6.4 டன். இப்போது வரிசை மாறிவிட்டது. எப்போதாவது அந்த அளவு இழுப்பு வந்தால் முதலில் உடம்பு நீளும். 30 சென்டிமீட்டர் நீளத்தில் ஐந்து சதவீதம் நீண்டால் ஒன்றரை சென்டிமீட்டர். முன்னே சொன்ன மூன்று மில்லியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 6.8க்கும் 6.4க்கும் வித்தியாசம் கொஞ்சம்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். கடையில் வாங்கும் பட்டையின் உண்மையான இழுபடும் வலு 250ஐத் தாண்டியிருப்பது சகஜம். உடம்பு எதிர்பார்த்ததைவிடப் பலமாக இருந்தால், ஓட்டை மறுபடியும் முதலில் போகும். அதனால் முடிந்தால் முனையில் ஓட்டை வரும் இடத்தில் மட்டும் இன்னொரு பிளேட்டை வைத்து வெல்ட் செய்து கனமாக்கிவிடுவேன்.

1.1 டன் தேவைக்கு 6 டன் பட்டை எதற்கு என்றார் குடோன்காரர். அதற்கு இரண்டு காரணம். ஒன்று, பட்டை பலமாகிவிட்டால் சங்கிலியில் அடுத்த பலவீனம் உத்திரத்தில் போல்ட் பதியும் இடத்துக்குப் போகும். தேக்கு அங்கே மெதுவாக நசுங்கும், சத்தம் போடும், விட்டுக்கொடுக்கும், பட்டென்று போகாது. முதலில் விட்டுக்கொடுப்பது அதுவாக இருப்பதில் எனக்குச் சந்தோஷமே. இரண்டாவது காரணம் துரு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

பட்டறையில் பார்க்க வேண்டியவை

மாதிரியில் இன்னொரு சிக்கல் இருந்தது. ஓட்டையை டிரில் போடாமல் கேஸ் கட்டரால் ஊதி எடுத்திருந்தார்கள். "டிரில் போட்டா லேட் ஆவும் சார், ஊதுனா ரெண்டு நிமிஷம்" என்றார் அண்ணன். விரலை உள்ளே விட்டுத் தடவினால் விளிம்பு ரம்பப் பல் மாதிரி இருந்தது. ஊதிய விளிம்பு சூட்டில் கெட்டிப்பட்டு நொறுங்கும் குணத்துக்குப் போகிறது, அந்த ஒவ்வொரு பல்லும் விரிசல் ஆரம்பிக்கத் தோதான இடம். எந்த இடத்தில் இரும்பு அறும் என்று இவ்வளவு நேரம் கணக்குப் போட்டோமோ அதே இடம். டிரில் போடச் சொன்னேன். அவர் கைத்திறன் உள்ள மனிதர், காரணத்தைக் கேட்டதும் மீதியையெல்லாம் டிரில்லிலேயே போட்டுக்கொடுத்தார்.

வளைந்த பட்டை இன்னொரு தொல்லை. உத்திரத்தின் பக்கவாட்டிலிருந்து சுவரின் போல்ட்டுக்கு வரும்போது இடிக்கிறது என்று நடுவில் ஒரு வளைவு கொடுத்துவிடுவார்கள். இழுப்பு வந்தால் பட்டை முதலில் நிமிரும், நிமிர்ந்து முடிந்த பிறகுதான் பிடிக்க ஆரம்பிக்கும். அதற்குள் சுவர் அரை அங்குலம், ஓர் அங்குலம் வெளியே போயிருக்கும். உத்திர முனை சுவருக்குள் இருப்பதே ஆறு அங்குலம்தான். பட்டை நேராகப் போக வேண்டும். போக வழியில்லை என்றால் இடையில் மரத்துண்டு வைத்து மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் பட்டை வைத்தால் இழுப்பு உத்திரத்தின் நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்து உத்திரத்தைத் திருகும். ஏஎஸ்சிஇ இதைத் தனி வரியாகவே எழுதி, அந்தத் திருகலையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்கிறது. உத்திரத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு பட்டை வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. உத்திரத்தில் போல்ட்டுகளை நாரின் திசையில் ஒரே வரிசையாக, போதிய இடைவெளி விட்டுப் போட வேண்டும். மரத்தின் முனைக்கு மிக அருகில் போட்டால் 1971இன் கதைதான், நாரோடு பிளந்துவிடும்.

சுவர்ப் பக்கம் செங்கல். சுண்ணாம்புச் சாந்துச் சுவரில் துளையிட்டு ரசாயனப் பசை ஊற்றி போல்ட்டைப் பதிப்பதை நான் முதல் வழியாக எடுப்பதில்லை. இழுத்தால் ஒரு கல்லோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். சுவரைத் தாண்டி மறுபக்கம் வரை போல்ட்டைக் கொண்டுபோய், வெளியே பெரிய பிளேட் வைத்து நட் போட்டு முடுக்குவதுதான் நிம்மதி. அந்தப் பிளேட் பல கற்களை ஒன்றாக அணைத்துப் பிடிக்கும். வெளிநாட்டுப் பழைய செங்கல் கட்டடங்களின் முகப்பில் நட்சத்திர வடிவில் இரும்பு தெரிகிறதே, அலங்காரம் என்று பலர் நினைப்பது, அது இதே பிளேட்தான்.

பலரும் மறந்துவிடுவது குறுகிய சுவர்களை. நீளச் சுவரில் உத்திரம் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதனால் கட்டுவதற்குக் கையில் ஏதோ இருக்கிறது. கடைசி உத்திரம் குறுகிய சுவருக்கு இணையாக, அதைத் தொடாமலே ஓடுகிறது. அந்தச் சுவருக்கும் கூரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கடைசி உத்திரத்தோடு மட்டும் கட்டினால் அந்த ஒற்றை உத்திரத்தைப் பக்கவாட்டில் வளைத்துக்கொண்டு சுவர் போய்விடும். எனவே உத்திரங்களுக்கு இடையில் இறுக்கமாகக் கட்டைகளை அடித்து, அவற்றின் அடியில் நீளமான பட்டையை நாலைந்து உத்திரம் தாண்டி உள்ளே கொண்டுபோய் ஒவ்வொன்றோடும் கட்ட வேண்டும். சுவரின் இழுப்பு கூரைக்குள் ஆழமாகப் போய்ப் பரவ வேண்டும், ஓரத்திலேயே நின்றுவிடக் கூடாது. அந்தக் குடோனில் வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போனது.

உப்புக்காற்று

காசிமேட்டுக் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கட்டடத்தில், பெயிண்ட் அடிக்காத இரும்பு எவ்வளவு சீக்கிரம் செதில் விடும் என்று ராயபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு ஜன்னல் கம்பியே சாட்சி. ஒரு பட்டையின் இரு முகத்திலும் ஒவ்வொரு மில்லி துரு தின்றால், 3 மில்லி பட்டையில் மிஞ்சுவது ஒரு மில்லி. 5 மில்லி பட்டையில் மூன்று மிஞ்சும். துரு சமமாகத் தின்பதும் இல்லை. வாஷருக்கு அடியில், ஓட்டையின் விளிம்பில், தண்ணீர் தேங்கும் இடத்தில் அதிகம் தின்னும். மறுபடியும் அதே ஓட்டை. 50க்கு 5 பட்டையை நான் பிடிவாதமாகக் கேட்டதற்கு இரண்டாவது காரணம் இதுதான்.

எல்லாப் பட்டையையும் டிரில் போட்டு, வெல்டிங் முடித்த பிறகே கால்வனைசிங்குக்கு, அதாவது துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகப் பூச்சு போட, அனுப்பினோம். முதலில் கால்வனைஸ் செய்து பிறகு ஓட்டை போட்டால், பூச்சு இல்லாத இடம் ஓட்டையின் உள்விளிம்புதான் என்று ஆகிவிடும். சுவருக்குள் போகும் போல்ட்டுகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் போடலாமா என்று யோசித்தோம். கால்வனைஸ் பட்டையோடு அது நேராகத் தொட்டால் ஈரத்தில் பட்டையின் பூச்சு சீக்கிரம் கரையும் என்பதால், எல்லாவற்றையும் ஒரே வகையாகக் கால்வனைசிங்கிலேயே வைத்துக்கொண்டோம். வெளிப் பிளேட்டின் மேல்விளிம்பில் மழைநீர் தேங்காதபடி சாந்தைச் சாய்வாகப் பூசியிருக்கிறோம்.

இரண்டு நீளச் சுவரிலும் பதினைந்து பதினைந்து, குறுகிய சுவர்களில் நாலு நாலு. வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் முடிந்து பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் சமயத்தில் ஒவ்வொரு நட்டையும் தட்டிப் பார்க்க வேண்டும், பிளேட்டுக்குக் கீழே சிவப்பாக நீர் வடிந்த தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த முறை அந்தப் பக்கம் போனபோது, வெளியே தெரியும் ஒவ்வொரு பிளேட்டுக்குப் பக்கத்திலும் குடோன்காரர் நீல பெயிண்டில் எண் போட்டு வைத்திருந்தார். 1இல் ஆரம்பித்துச் சுற்றிக்கொண்டு போய் 38இல் முடிகிறது. 22க்குப் பக்கத்தில் மட்டும் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தது. "அது லேசா லூசா இருக்குது சார், ஸ்பேனரை எடுத்தாரச் சொல்லியிருக்கேன்" என்றார்.